குடுவையில் வளர்ந்த தையல்காரர்

தையல்காரர் செத்து ஒன்பது வருஷம் ஆன பிறகும் மாதத்துக்கு ஒரு முழம் வளர்ந்துகொண்டிருந்தார். வெயில் காலத்தில் ஒன்றரை முழம்கூடப் போகும், மழைக்காலத்தில் முக்கால் முழத்தோடு நின்றுவிடும். சூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறவருக்கு மழை எது, வெயில் எது என்று கேட்கக் கூடாது; உயிரோடு இருந்தபோதும் மழை பிடித்துக்கொண்டால் அவருக்குக் கை ஓடாது. அளந்து சொன்னது அவர் மனைவி. பாதி ஆயுசைத் தையல் கடையில் கழித்தவள், அளவில் பிசக மாட்டாள். குடுவைகளை மேஜைமேல் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் படிந்திருந்த மெல்லிய ஏட்டைக் கையால் முழம் போட்டுக் கூட்டிக்கொண்டே வருவாள். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் முதல் வருஷம் அதை நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து, "சார் இந்த மாசம் எவ்வளவு வளர்ந்திருக்கார்?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

நடந்தது இதுதான். தையல்காரருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு, அப்புறம் எலுமிச்சை அளவு. காலரின் மேல் பட்டனைப் போட முடியாமல் போன பிறகுதான் அதை வெளியே சொன்னார். அதையும் வாடிக்கையாளரின் சட்டையைக் குட்டையாக வெட்டிவிட்டவரைப் போலக் கூச்சத்தோடு சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். எடுத்தது போக மிச்சமிருந்தது அவரைக் கொண்டுபோய்விட்டது. எடுத்ததில் நகக்கண் அளவு ஒரு துண்டு ஆஸ்பத்திரியின் பின்வாசலில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனது. அப்படி வருகிற துண்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைத்து வளர்த்துப் பார்ப்பது அங்கே வேலை. பெரும்பாலும் வளராது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது செல்களுக்கும் தெரியும் போலிருக்கிறது, மூன்றாம் நாளே முகம் வாடிப் போய்ச் சேர்ந்துவிடும். தையல்காரருடையது போகவில்லை. அடியில் ஒட்டிக்கொண்டது, இரண்டாகப் பிரிந்தது, நாலாகப் பிரிந்தது, குடுவை போதாமல் இன்னொரு குடுவை கேட்டது.

மனைவி அங்கே வந்தது ஒரு சட்டையைத் தேடி. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று அவர் போட்டிருந்த சாம்பல் நிறச் சட்டை, தனக்கென்று அவர் தைத்துக்கொண்ட ஒரே நல்ல சட்டை, எங்கேயோ தவறிவிட்டது. இந்த ஜன்னலுக்குப் போ, அந்த ஜன்னலுக்குப் போ என்று விரட்டி விரட்டி, கடைசியில் பின்வாசல் வழியாக இங்கே வந்து நின்றாள். சட்டை இல்லை. மைக்ராஸ்கோப்பின் முன்னால் இருந்த பெண் பாவப்பட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பேச்சுவாக்கில் "இதைப் பாருங்களேன்" என்று காட்டினாள். இவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். செல்கள் வரிசை பிடித்து ஓடின. ஒவ்வொரு வரிசையும் முடிகிற இடத்தில் இரண்டு செல் பின்னால் வந்து, மறுபடியும் ஒன்று முன்னால் போய், அங்கே நின்றது. நூல் பிரியாமல் இருக்க ஓரத்தில் அவர் போடுகிற பின்தையல். ஊரில் வேறு எவனும் அதைப் போடமாட்டான், நேரமாகும் என்பான்.

"இது எங்க வீட்டுக்காரர் கை," என்றாள்.

அடுத்த வாரமே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதலில் குடுவை கழுவுகிற வேலை, பிறகு தீனி ஊற்றுகிற வேலை. செல்லுக்குப் போடுகிற சத்து நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். தின்று தீர்த்துவிட்டால் மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது, ஓடிப்போய் மாற்றி ஊற்றிவிடுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் தீனியக்கா ஆனாள். அவள் சொந்தப் பெயர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வந்தது. சீக்கிரத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள்: ஒரு குடுவைக்குத் தீனி போட்டால் எல்லாக் குடுவையும் சிவந்துவிடுகிறது. ஒன்று கைபட்டுக் குளிர்ந்தால் பெட்டிக்குள் இருக்கிற மற்றவை நடுங்குகின்றன. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, எத்தனை குடுவையில் இருந்தாலும் ஒரே ஆள்தானே என்றாள். தீனிச் செலவு மிச்சமானதால் மேலிடமும் வாயைத் திறக்கவில்லை. பட்டன் விஷயமும் அப்படித்தான். சூட்டுப் பெட்டிமேல் கழற்றிப் போட்ட வெள்ளைக் கோட்டில் பட்டன் ஆடிக்கொண்டிருந்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது இறுகியிருக்கும், நாலு துளையிலும் நூல் குறுக்காக ஓடியிருக்கும். ஒரு கட்டத்தில் பக்கத்து ஆபீஸ்காரர்கள் ஜிப் போன பையையெல்லாம் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தீனியக்காதான் "இது என்ன கடையா?" என்று விரட்டிவிட்டாள்.

அவளுக்கு அவர்மேல் ஒரே ஒரு குறை. நல்ல செல்லுக்கு மரியாதை உண்டு. வளர்ந்துகொண்டே போய்ப் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்றுவிடும். கெட்டதுக்கு அது கிடையாது, தொட்டால் நிற்காது, ஏறி மிதித்துக்கொண்டு மேலே போகும். தையல்காரரின் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, குடுவையின் கழுத்து வரைக்கும் குவிந்தன. உயிரோடு இருந்தபோது அவர் நெரிசலான பஸ்ஸில் ஏறியதே கிடையாது. அடுத்ததில் போகலாம், அடுத்ததில் போகலாம் என்று நின்று நின்று கடைசியில் நடந்தே வீட்டுக்கு வருவார். வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால் இவர் மன்னிப்புக் கேட்பார். "அன்னிக்கு இந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தா இன்னொரு மெஷினாவது வாங்கியிருக்கலாம்," என்று தீனியக்கா குடுவையைப் பார்த்துத் திட்டுவாள். திட்டிவிட்டுத் துடைத்து உள்ளே வைப்பாள்.

மகள் ஒருத்தி இருந்தாள். அப்பா சாகும்போது படிப்பை முடித்திருந்தாள், பிறகு பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு, சந்தையிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகிற பஸ்ஸை ஓட்டினாள். நிதானமான கை, அவள் வண்டியில் நின்றுகொண்டு போகிறவர்கள் கம்பியைப் பிடிப்பதில்லை என்று சொல்வார்கள். ஆராய்ச்சிக் கூடத்தின் வாசல் வழியாகத்தான் தினமும் போவாள், வருவாள். ஒருநாளும் இறங்கியதில்லை. ஒரே ஒரு தடவை அம்மாவும் பெண்ணும் அதைப் பற்றிப் பேசினார்கள், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டே.

"அது அப்பா இல்லம்மா. அப்பாவைக் கொன்னது. அதுக்குப் போய் நீ ஊட்டிக்கிட்டு இருக்கே."

"கொன்னது வெளியாளா? அவரோடதுதானே. அவர்னு எனக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான்."

"அப்ப நான்?"

தீனியக்காவுக்குப் பதில் வரவில்லை. வந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு பேச்சைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. தட்டைத் துடைத்து அடுக்கினாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உப்பு, புளி, மின்சாரக் கட்டணம் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். வருஷங்கள் ஓடின.

குடுவை நிரம்பினால் செல்லைப் பிரித்து, ஒரு பங்கை வைத்துக்கொண்டு, மீதியைப் பிளீச்சிங் தண்ணீரில் கொட்டிச் சாகடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்களுடையதை அவள் தயங்காமல் கொட்டினாள். புருஷனைக் கொட்ட மனசு வரவில்லை. யாருக்குத்தான் வரும்? மீதியை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, கூடத்தின் பின்னால் சுற்றுச்சுவர் ஓரமாகப் படர்ந்திருந்த குண்டுமணிக் கொடியின் வேரில் ஊற்றினாள். ஒளித்துச் செய்யவில்லை, ஜன்னல் வழியாக எல்லோருமே பார்த்தார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளை யார் என்ன சொல்வது என்று விட்டுவிட்டார்கள். குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி நிறம் மங்காது என்பார்கள். இது குப்பையில் கிடக்காமல், ஊட்டி வளர்த்த கொடி. தண்டு மணிக்கட்டுப் பருமனுக்கு வந்தது. காய் வெடித்தால் சிவப்பும் கறுப்புமாக விதைகள் கண்ணைப் பறிக்கும். சாயங்காலமானால் அதன் இலைகள் இரண்டிரண்டாக மடிந்துகொள்ளும். எல்லாக் குண்டுமணியும் மடியும்தான், இது கசங்காமல் மடியும்.

அந்த விதையைத்தான் கூடத்தில் ஒருவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தார். சட்டைப்பை நிறைய விதை போட்டுக்கொண்டு நடப்பார், வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும், அதனால் விதை டாக்டர். குண்டுமணிக்குள் இருக்கும் விஷத்தைப் பற்றிக் கேட்டால் அவர் சோற்றை மறந்துவிட்டுப் பேசுவார். செல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓயாமல் எரிகிற அடுப்புகள் இருக்கின்றனவாம், வளர்வதற்கு வேண்டியதெல்லாம் அதில்தான் சமைந்து வரவேண்டுமாம். இந்த விஷம் உள்ளே நுழைந்து அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும். சமையல் நின்றால் வளர்ச்சி நிற்கும், வளர்ச்சி நின்ற கொஞ்ச நேரத்தில் செல்லே செத்துவிடும். கெட்ட செல்லின் அடுப்பை மட்டும் அணைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், கட்டி நோய்க்கு அதைவிட மருந்து கிடையாது. ஆனால் விஷத்துக்கு நல்லது கெட்டது தெரியவில்லை. "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா இருக்கு அக்கா," என்று தலைமுடி நரைக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரர்மேல் மட்டும் அவர் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. தீனியக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஒன்பது வருஷம் ஆன பிறகு, வெயில் தணிந்த ஒரு மாதத்தில், மகள் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் வேலைக்குக் கிளம்பினாள். தீனியக்கா வாசலில் வழிமறித்துக் காலரை விலக்கிப் பார்த்தாள். அதே பக்கம், அதே இடம். சுண்டைக்காயைத் தாண்டிவிட்டிருந்தது. "எவ்வளவு நாளா?" என்றதற்கு, "உனக்கு அங்க வேலை இருந்துச்சு, சொல்லல," என்றாள் மகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் அவளுடைய அப்பாவின் பழைய படங்களை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெட்டலாம், ஆனால் அப்பாவுக்கு வெட்டியதில் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும் என்றார்கள்.

தீனியக்கா நேராக விதை டாக்டரிடம் போய் நின்றாள். "சார், உங்க விஷத்தை அவருக்குப் போட்டுப் பாருங்க. அவருக்குக் கேட்டா என் பொண்ணுக்கும் கேக்கும்." ஒருத்திக்குள் தாய் முன்னால் வந்துவிட்டால் தாரம் பின்னால் போய்விடுவாள் என்று ஊர் சொல்லும். அவளுக்கு அப்படியும் இல்லை, இரண்டு பக்கமும் வேண்டியவர்கள்தான், ஒரு பக்கத்தில் பிள்ளை இருந்தது, அவ்வளவுதான். சந்தையில் வாங்கிய விதையிலிருந்து எடுத்த விஷத்தில் ஒரு துளியை ஒரே ஒரு குடுவைக்குள் விட்டார்கள். பத்து மணி டீ முடிந்த நேரம். வரிசைகள் ஓரத்திலிருந்து பிரிய ஆரம்பித்தன. செல்கள் சுருங்கி, உருண்டு, பிடி விட்டு மிதந்தன. பெட்டிக்குள் இருந்த மற்ற குடுவைகளிலும் அதே நேரத்தில் அதேபோல ஆனது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வெளியே நடந்தது. சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ் கூடத்தின் வாசலுக்கு நேராகத் தானாக ஓரம் கட்டி நின்றது. ஓட்டி வந்தவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்திருந்தாள்.

பயணிகள் கத்தினார்கள். தீனியக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள், குடுவையைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாமே விளங்கிவிட்டது. விஷத்தைக் கொட்டிவிட்டு, குடுவையைத் தீனியாலேயே மூன்று தடவை அலசி, புதுத் தீனியை நிறைய ஊற்றினாள். பிடி விட்டவை போக மிச்சமிருந்தவை மறுபடியும் ஒட்டிக்கொண்டன. வெளியே மகள் தலையை நிமிர்த்தி, ஆழமாக மூச்சு வாங்கி, யாரிடமோ தண்ணீர் கேட்டாள்.

மகளின் கழுத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்பே தீனியக்காவுக்குத் தெரியும். வரிசை வரிசையாக ஓட்டம், ஓரத்தில் பின்தையல். மகளுக்குத் தனியாக ஒரு கட்டி வரவில்லை. தையல்காரரே அங்கே போயிருந்தார். எப்படிப் போனார் என்று அந்தக் கூடத்தில் யாரும் கேட்கவில்லை, ஏன் போனார் என்பதும் கேட்காமலே தெரிந்தது. இத்தனை வருஷம் வாசல் வழியாகப் போகிற பிள்ளை ஒருநாள்கூட இறங்கி வரவில்லையென்றால், பெத்தவருக்குத் தாங்குமா? வராத பிள்ளையை அப்பா தேடிப் போயிருந்தார். அவருக்குப் போகத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

தீனியக்கா அன்றைக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் புருஷனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். "பெத்த பொண்ணு கழுத்துலயா போய் உக்காருவீங்க? பாக்கணும்னா என்கிட்ட சொல்ல மாட்டீங்களா? ஆடின பட்டன் எல்லாம் தெரியுது, இது தெரியலையா உங்களுக்கு?" குடுவைகள் சிவப்பாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. பட்டினி போட்டுப் பார்த்தாள். தீனி மஞ்சளானபோது மகள் பணிமனையில் மயங்கி விழுந்தாள். சூட்டைக் குறைத்துப் பார்த்தாள். மகளுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. கொன்றால் அவளும் போவாள். வளரவிட்டால் எலுமிச்சை அளவாகும், அதற்கப்புறம் என்னவென்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். அவர் சாகவும் கூடாது, வளரவும் கூடாது. நிற்க வேண்டும். நிற்கச் சொல்லுகிற மருந்து உலகத்தில் கிடையாது என்று விதை டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் அழுதார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

அழுதவர் முகம் கழுவப் பின்பக்கம் போனார். குழாயடியில் நின்று எதிரே இருந்த கொடியை வெறித்துப் பார்த்தார். உள்ளூர் மாடு விலை போகாது என்பது விதைக்கும் பொருந்தும். வருஷக்கணக்காகச் சந்தையில் காசு கொடுத்து விதை வாங்கியவர், ஜன்னலுக்கு வெளியே காய்த்துத் தொங்கியதை ஒருநாளும் பறித்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவர் "அக்கா!" என்று கத்தினார். தீனியக்கா ஓடிவந்தாள்.

"இந்தக் கொடி இத்தனை வருஷத்துல சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போகவே இல்ல, கவனிச்சீங்களா?"

அவளும் பார்த்தாள். இவ்வளவு கொழுத்த கொடி சுவரின் விளிம்பு வரைக்கும் போய், அங்கே நின்று, திரும்பி வந்திருந்தது. பக்கத்துச் செம்பருத்தியைத் தொட்ட இடத்திலெல்லாம் ஒரு விரற்கடை விலகி வழி விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நிற்கிற ஆளை அவள் அங்கே பார்த்தாள். குடுவைக்குள் இருந்தது அவருடைய வளர்ச்சி மட்டும்தான். அவருடைய கூச்சம், மரியாதை, ஒதுங்கிப் போகிற குணம் எல்லாம் அவள் ஊற்றிய தண்ணீரோடு வேர் வழியாக ஏறி இங்கே வந்துவிட்டிருந்தன. மனுஷனை இரண்டாகப் பிரித்துவைத்துவிட்டு இத்தனை வருஷமும் ஒரு பாதியை மட்டும் அவர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. செம்பருத்தியின் கிளையைப் பிடித்துக்கொண்டாள்.

வெடித்திருந்த காய்களிலிருந்து விதையைப் பறித்து, விஷத்தைப் பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் மகளின் கழுத்து நன்றாகவே பருத்துவிட்டது, பேச்சு கரகரத்தது. விஷம் விஷம்தான், எந்தக் கொடியில் காய்த்தால் என்ன என்று விதை டாக்டருக்குள் ஒரு பயம் இருந்தது. அதை மறைக்காமல் சொன்னார். துளி விழுந்ததும் அடுப்புகள் அணைந்துகொண்டே போனால் தடுக்க முடியாமலும் போகலாம், முடிவை மகள்தான் எடுக்க வேண்டும் என்றார். மகள் அன்றைக்குப் பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி உள்ளே வந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். அம்மா சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது. இஸ்திரி போட்ட துணியின் வாசனை.

அவள் மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்தையலைப் பார்த்ததும் தெரிந்தது. மகளுக்கு அது தெரியாது, அவள் தையல் கற்றதே இல்லை. அவளுக்கு வேறொன்று தெரிந்தது. அவள் பார்க்கப் பார்க்க, ஓடிக்கொண்டிருந்த வரிசைகள் மெதுவாகி அவள் பக்கம் திரும்பின. பள்ளிக்கூடம் விட்டு அவள் கடைக்குள் நுழையும்போது மெஷின் மிதியிலிருந்து அவர் காலை எடுப்பார், சத்தம் இப்படித்தான் மெல்ல மெல்ல ஓயும்.

"அப்பா," என்றாள். அப்புறம், "நான் வரலைன்னுதானே வந்தீங்க?" என்றாள்.

பிப்பெட் குழாயில் துளியை எடுத்தது தீனியக்கா. எத்தனையோ ஆயிரம் துளி விட்ட கை அது, குடுவையின் வாயருகே வந்ததும் நின்றுவிட்டது. துளியை விஷக் குப்பிக்குள் திரும்ப விட்டு மறுபடியும் எடுத்தாள். "கொடும்மா," என்று மகள் வாங்கிக்கொண்டாள். பஸ் ஓட்டுகிற அதே நிதானமான கை. துளி விழுந்தது. செல்கள் சுருங்கவில்லை, உருளவில்லை. மேலே ஏறி நின்றவை ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இறங்கியவற்றுக்கு மற்றவை நகர்ந்து இடம் விட்டன. எல்லாம் ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, அடியில் விரிந்து, அப்படியே நின்றன. அடுப்புகள் அணையவில்லை, தணிந்து எரிந்தன என்றார் விதை டாக்டர். மகள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கட்டி போகவில்லை. துள்ளிக்கொண்டிருந்தது மட்டும் நின்றிருந்தது.

தீனியக்கா அன்றைக்குத்தான் அழுதாள். அவர் செத்த அன்றைக்கு அழவில்லை, சட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். இனிமேல் அவர் வளரமாட்டார், பட்டன் தைக்கமாட்டார், மாதக் கடைசியில் முழம் போட ஒன்றும் இருக்காது, கொடிக்கு ஊற்ற மீதி இருக்காது. அவள் புருஷன் உண்மையில் செத்தது அந்தப் பகலில்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அவர்னு உனக்கு நான் இருக்கேன்ல," என்றாள். "இருக்கேடி," என்றாள் தீனியக்கா, ஒன்பது வருஷத்துப் பாக்கியை ஒரே வார்த்தையில் தீர்க்கிறவளாக. அழுகையினூடே மகளின் கன்னத்தைக் கிள்ளி முத்தமும் வைத்தாள்.

விதை டாக்டர் அந்த விஷத்தை மற்றவர்களின் கட்டிச் செல்கள்மேலும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கொடிக்கு வேறு யாரையும் தெரியாது. உலகத்துக்கு மருந்து கண்டுபிடிக்கக் கிளம்பி, ஒரு குடும்பத்துக்கு மட்டும் கண்டுபிடித்த வருத்தம் அவருக்குக் கடைசி வரைக்கும் இருந்தது. ஆனாலும் பின்பக்கம் போகும்போதெல்லாம் கொடியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் போவார். பணி ஓய்வு பெற்ற பிறகும் சந்தைக்குப் போனால் கை தானாகக் குண்டுமணியை அள்ளும்.

அந்தத் துளி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது யாருக்கும் தெரியவில்லை. மகள் ஒருதடவை சிநேகிதியின் ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினாள். ஐந்தாம் நாள் கழுத்துக் குறுகுறுத்தது, திரும்பி வந்து குடுவைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள், அடங்கிவிட்டது. விஷம் வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து தினமும் வருகிறாள். தீனியக்காவுக்கு முட்டிவலி வந்து வேலைக்கு வர முடியாமல் போன பிறகு தீனி மாற்றுவதும் அவள்தான். காலை ட்ரிப்பில் பஸ் ஆராய்ச்சிக் கூடத்தின் வாசலில் ஓரம் கட்டி நிற்கும். அங்கே நிறுத்தம் கிடையாது, பலகையும் கிடையாது. என்ஜினை அணைத்துவிட்டு அவள் இறங்கி உள்ளே போவாள். பயணிகள் பேப்பர் படிப்பார்கள், குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவார்கள், ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக ஏறியவர் யாராவதுதான் வாட்சைப் பார்த்து, "என்னங்க, வண்டி ரிப்பேரா?" என்று கேட்பார்.

"இல்லீங்க. அவங்க அப்பாவைப் பார்த்துட்டு வரப் போயிருக்காங்க," என்பார் பக்கத்துச் சீட்டுக்காரர்.

"ஓ. உடம்பு எப்படி இருக்காம்?"

"அப்படியே இருக்காராம்."

"அது போதும்," என்று புதியவர் பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்காருவார்.